பாட்டைச் சித்தே நிறுத்து கண்ணு

எந்திரிச்சுட்டயா சாமி? வா, திண்ணையில உக்காரு. அம்மிச்சி காப்பி கொண்டாரா. ராத்திரி நீ வந்து சேர்ந்தது ஊருக்கே தெரியும். இட்டேரியில திரும்பறப்பவே உன்ற பாட்டுச் சத்தம் கட்டுத்தரை வரைக்கும் கேட்டுச்சு. எருமை ரெண்டும் காதை மடக்கிட்டு அந்தப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு. உன்ற அம்மிச்சி பாதித் தூக்கத்துல எந்திரிச்சு, "மாரியாத்தா கோயில்ல நோம்பி சாட்டிட்டாங்களா?"ன்னு கேட்டா. "நோம்பியுமில்ல கீம்பியுமில்ல, உன்ற பேரன் வாரான்"னு சொல்லிப் படுக்க வெச்சேன்.

அதுல குத்தமில்லை. வயசுப் பையன், பாட்டுக் கேக்கறே. ஆனா வாசல்ல வந்து நின்னதும் ஒண்ணு பண்ணுனே பாரு, அதை நெனச்சு நெனச்சுத்தான் நான் தூங்காமக் கெடந்தேன். பைபாஸ்ல 120ல வந்தேன்னு நீயே பீத்திக்கிட்டே. சக்கரம் நிக்கறதுக்கு முந்தி சாவி உன்ற கையில இருந்துச்சு. பானெட்டைத் தொட்டுப் பாத்தேன், தோசை ஊத்தலாம். அந்தப் பழமையைப் பொறவு பேசிக்கலாம்.

சோறு உங்கறப்ப ஒண்ணு சொன்னயே, அதுக்கு வாரேன். "இந்த இஞ்சினே மோசம் அப்புச்சி. செயின் கிட்டு போச்சு, டர்போவும் போகப் போகுதுன்னு மெக்கானிக் சொல்றான். இனி டீசல் வண்டியே ஆகாது"ன்னே. மோசம்தான் சாமி. வேணும்னா எழுதியே தாரேன். நெம்ப மோசமான இஞ்சின். 2003ல இத்தாலிக்காரன் பியட் கொண்டாந்தான். 1.3 மல்டிஜெட்டுன்னு பேரு. ஜெனரல் மோட்டார்ஸ்காரனும் கூட்டு. போலந்துல பியெல்ஸ்கோ-பியாவான்னு வாயில நுழையாத ஊரு ஒண்ணுல செஞ்சாங்க. 1248 சிசி. நாலு சிலிண்டர். ஒரு சிலிண்டருக்குக் கணக்குப் பாத்தா 312 சிசி, நீ இப்பக் குடிக்கற காப்பி டம்ளர்ல ரெண்டு பிடிக்காது. அந்த ரெண்டு டம்ளருக்கு நாலு வால்வு, ஆக மொத்தம் 16, ஒரு வெடிக்கு அஞ்சு தடவை வரைக்கும் டீசல் தூறல் போடற வித்தை. 2005ல உலகத்து இஞ்சினெல்லாம் வரிசைக்கு நிறுத்தி விருது குடுத்தாங்களே, அதுல 1 லிட்டர்ல இருந்து 1.4 லிட்டர் வரைக்கும் இருக்கற கூட்டத்துல இதுக்குத்தான் பரிசு. அவனுகளுக்கு உன்றளவுக்கு விவரம் பத்தலை, பாவம்.

பொறவு நம்ம நாட்டுக்கு வந்துச்சு. மாருதிக்காரன் 2007ல ஸ்விப்ட்டுல வெச்சான், டிடிஐஎஸ்னு பேரு போட்டான். மானேசர்ல வெச்சுச் செஞ்சாங்க. புனேக்குப் பக்கத்துல ரஞ்சன்காவ்ல டாடாவும் பியட்டும் ஒட்டுக்கா ஒரு ஆலை வெச்சு அங்கயும் செஞ்சாங்க. டாடாக்காரன் இண்டிகா விஸ்டாவுல போட்டுக் குவாட்ராஜெட்டுன்னான். டிசையர், ரிட்ஸ், புன்ட்டோ, லீனியா, மான்சா, எர்டிகா, சியாஸ்னு மூஞ்சி வேற வேற, நெஞ்சு ஒண்ணு. ஒரே ஆத்தா பெத்த பசங்களை ஊர் ஊராக் கட்டிக் குடுத்த மாதிரி. 2020 ஏப்ரல்ல புகைச் சட்டம் இறுகுனப்ப மாருதிக்காரன் டீசலே வேண்டாம்னு நிறுத்திட்டான். அதுவரைக்கும் நம்ம நாட்டோட தேசிய இஞ்சினே இதுதான்னு வண்டிக்காரங்க கேலியும் பெருமையுமாச் சொல்லுவாங்க. இத்தனை எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறயா? நான் பத்தாவது பெயிலுதான். ஆனா ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை நம்மூர் வண்டிப் பட்டறைத் திண்ணையில பேப்பரை விரிச்சு வெச்சுட்டு உக்காந்திருப்பேன். பேப்பரைப் படிக்கறாப்பல இருக்கும், காது பூரா பட்டறைக்குள்ளதான் இருக்கும்.

சரி, அந்தப் பட்டறையில நான் பாத்த கூத்து ஒண்ணு. டாக்ஸிக்கு ஓடுன டிசையர்க 3 லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் இஞ்சினைப் பிரிக்காம வரும். அதே இஞ்சின் போட்ட வாத்தியார் ஊட்டு வண்டி, உறை போட்டு மூடி, வெள்ளிக்கிழமைக்கு எலுமிச்சம்பழம் வெச்சுக் கும்பிட்ட வண்டி, 70,000த்துல செயின் கிழிஞ்சு கயித்துல கட்டி இழுத்துட்டு வரும். ஏன்னு ரோசிச்சுப் பாரு. டாக்ஸிக்காரனுக்கு வண்டி சூடு ஆறதுக்கே நேரமில்லை. 10,000 கிலோமீட்டர் ரெண்டு மாசத்துல ஓடிரும், ஓடுனதும் ஆயிலை மாத்திருவான், இல்லைன்னா அடுத்த நாள் சோறில்லை. வாத்தியாரு 10,000 ஓடறதுக்கு வருசக்கணக்காக் காத்திருந்தாரு.

நீயும் வாத்தியாரு கட்சிதான. சரவணம்பட்டியில ஊடு, 4 கிலோமீட்டர்ல ஆபீசு. காத்தால 4, சாயங்காலம் 4. எப்பவாவது ஒருக்கா எங்களைப் பாக்க வாரே, அதுவும் அம்மிச்சி ஊறுகாய் தீந்துபோனா. வாங்கி 3 வருசம், 9,000 கிலோமீட்டர். "இன்னும் 10,000 ஆகலை அப்புச்சி, அதனால சர்வீஸ் உடலை"ன்னே. அடடா! என்ன கணக்கு! கையேட்டுல '10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது'ன்னு போட்டிருப்பான். கடைசி மூணு சொல்லு உன்ற கண்ணுக்குத் தட்டுப்படலை. பேங்குல கடன் வாங்குன பேப்பர்ல மட்டும் சின்ன எழுத்தெல்லாம் படிச்சயில்ல?

இரு, காப்பியைக் குடிச்சுட்டு எந்திரி. இன்னும் ஸ்டார்ட் பண்ணலையே? நல்லது. ராத்திரி பூரா நின்ன வண்டி, ஆயிலெல்லாம் கீழ இறங்கி இருக்கும். வாசல் சமதரை. பானெட்டைத் தூக்கு. அந்த மஞ்சக் கைப்பிடி போட்ட கோலை உருவு. இந்தா, பழைய வேட்டித் துணி, தொடை. மறுபடியும் உள்ள விட்டு நல்லா அழுத்து. இப்ப உருவிப் பாரு. கோலுல ரெண்டு குறி இருக்குதா, மேல ஒண்ணு கீழ ஒண்ணு? ஆயில் எந்தக் குறியில நிக்குது? எந்தக் குறியிலயும் நிக்கலையா? கோலு மூக்கு நுனியில, சளி பிடிச்ச பையன் மாதிரி ஒரு சொட்டுத் தொங்குது பாரு, அதுதான் உன்ற ஆயிலு. கறுப்பா இருக்குதுன்னு பயந்துக்காத. டீசல் இஞ்சின்ல ஆயில் ஊத்தி ரெண்டு நாள் ஓட்டுனாவே கறுத்துரும். கரியைத் தூக்கிட்டுத் திரியறதுதான் அதோட பொழப்பு. நிறத்துல குத்தமில்லை, அளவுலதான் குத்தம். இந்த இஞ்சின் குடிக்கறதே சுமாரா 3 லிட்டர். லாரியா இருந்தா ஒரு லிட்டர் கொறைஞ்சாலும் தெரியாது. இதுல ஒரு லிட்டர் கொறைஞ்சா மூணுல ஒரு பங்கு போச்சு. மிச்ச ரெண்டு லிட்டரு மூணு லிட்டர் பாடு பட்டு, சீக்கிரம் சூடாகி, சீக்கிரம் கெட்டுப்போகும்.

3 லிட்டர் ஆயில், ஒரு பில்டர். ஸ்பீக்கருக்கு 40,000 குடுத்தே. கண்ணாடிக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டுனே, போலீஸ்காரன் கிழிச்சான், மறுபடியும் ஒட்டுனே. பின்னாடி 'டர்போ'ன்னு செகப்பு எழுத்து வேற. அதுக்குள்ள ஆயில் போகுதான்னு மட்டும் பாக்கலை. தாலி வாங்க மறந்துட்டு மேளக்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்தவன் கதைதான்.

செயினுக்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம்னு ராத்திரி கேட்டயில்ல? அது சைக்கிள் செயின் மாதிரி சும்மா சுத்தறதில்லை சாமி. கீழ பிஸ்டனை ஆட்டற தண்டையும், மேல வால்வைத் திறந்து மூடற தண்டையும் அதுதான் ஒரே தாளத்துல கட்டி வெச்சிருக்குது. தொய்யாம இருக்கோணும்னு பக்கவாட்டுல ஒரு டென்ஷனர் அதை முட்டுக் குடுத்து அழுத்திட்டே இருக்கும். அதை அழுத்த வெக்கறது எது? ஆயிலோட அழுத்தம். ஆயில் கொறைஞ்சாலும் சரி, கெட்டுக் கூழாப் போனாலும் சரி, முட்டுக்கொம்பு தளரும், செயின் தொய்யும், கண்ணி தேயும். ஒரு நாள் ஒரு பல்லு தாவும். மேல வால்வு இறங்கற நேரத்துல கீழ பிஸ்டன் ஏறும். ரெண்டு கிடாயும் மண்டையோட மண்டை முட்டிக்கும். பெல்ட் மாதிரி இத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்துன்னு செயினுக்கு யாரும் சொல்றதில்லை. அதனால செயின் சாகாதுன்னு நெனச்சுட்டே. சாகாதுதான், ஊத்தறதை ஊத்துனா.

சாகறதுக்கு முந்தி அது சொல்லாமப் போகாது. காத்தால மொதல் ஸ்டார்ட்டுல ரெண்டு செகண்டு, கடலைக்காயை முறத்துல போட்டுக் குலுக்குனாப்பல ஒரு சத்தம் வரும். ஆயில் மேல ஏறுனதும் அடங்கிரும். உன்ற வண்டி எத்தனை மாசமாக் குலுக்குச்சோ. ஆனா உனக்கு எப்படிக் கேக்கும்? சாவியைத் திருப்புனதும் இஞ்சினுக்கு முந்தி பாட்டுத்தான ஸ்டார்ட் ஆகுது! செயின் குலுக்குச்சு, நீ சத்தத்தை எச்சு வெச்சே. அது இன்னும் குலுக்குச்சு, நீ இன்னும் எச்சு வெச்சே. கடைசியில ஸ்பீக்கரையே மாத்திட்டே. இப்பப் புரியுதா, அந்த 40,000 எதுக்குச் செலவாச்சுன்னு?

சிரிக்காத. டர்போவுக்கு வாரேன். ஆல்பிரெட் பூஹின்னு ஒரு சுவிஸ்காரன் 1905லயே இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டான். வீணாப் போற புகையை வெச்சே ஒரு சக்கரத்தைச் சுத்த வெச்சு, அதே தண்டுல இருக்கற இன்னொரு சக்கரம் வெளிக்காத்தை அமுக்கி உள்ள தள்ளும். கொல்லம்பட்டறையில துருத்தி ஊதறவன் இருப்பான் பாரு, அவனுக்குக் கூலி குடுக்காம அடுப்புப் புகையே துருத்தி ஊதுனா எப்படி, அதுதான். 1248 சிசி 75 குதிரை இழுக்கறது அதனாலதான். தலைக்கு மேல சுத்தற இந்த பேன் நிமிசத்துக்கு 300 சொச்சம் சுத்து. அந்தச் சின்னச் சக்கரம் லட்சத்தைத் தாண்டிச் சுத்தும். ஒரு பக்கம் புகைச்சூட்டுல கங்காட்டம் காயும். அந்தத் தண்டு இரும்பு மேல இரும்பாச் சுத்தறதில்லை, ஆயில் ஏட்டு மேல மெதந்துட்டுச் சுத்துது. நீ 120ல வந்து படக்குன்னு சாவியைப் பிடுங்கிட்டே. ஆயில் பம்ப் நின்னுபோச்சு. தண்டு இன்னும் சுத்துது, சூடு இன்னும் கொதிக்குது, மேல இருக்கற ஆயில் துளி அங்கயே கருகி அடைப்பாகப் போகுது. உண்டு முடிக்கறதுக்கு முந்தி இலையை எடுத்த மாதிரி.

அதுக்குன்னு நாளைக்கு வந்து பத்து நிமிசம் ஐட்லிங்ல உட்டுட்டு உக்காந்திருக்காத. உன்ற வயசுப் பசங்க ஒண்ணு சொன்னா ஒன்பது பண்ணுவீங்க. பைபாஸ்ல முறுக்கிட்டு வந்தா மட்டும் ஒரு நிமிசம். இட்டேரியில மெதுவா வந்தீன்னா அதுவே ஆறிரும், ஒண்ணும் வேண்டாம். காத்தாலயும் அப்படித்தான். ஸ்டார்ட் பண்ணுனதும் உறுமவும் வேண்டாம், அரை மணி நேரம் சூடு பண்றேன்னு நிறுத்தி வெச்சுப் பொகை உடவும் வேண்டாம். டீசல் இஞ்சின் சும்மா நின்னுட்டு ஓடுனா சூடே ஆகாது, கரிதான் பிடிக்கும். அரை நிமிசம் கழிச்சுக் கெளம்பி, மொதல் ரெண்டு மூணு கிலோமீட்டர் பதமாப் போனாப் போதும்.

என்ன, அம்மிச்சி உள்ள கிடந்து சிரிக்கறா? சொல்லட்டுமா அவ எதுக்குச் சிரிக்கறான்னு? நானே சொல்லிப்போடறேன், அவ சொன்னா இன்னும் எச்சாச் சேத்துச் சொல்லுவா. அப்ப நம்ம கிணத்துல கவலை ஓட்டறதை நிறுத்திப்போட்டு ஆயில் இஞ்சின் வாங்கிப் போட்ட புதுசு. ஒத்தைச் சிலிண்டரு, நிமிசத்துக்கு 650 சுத்து. கைப்பிடியை மாட்டி, டீகம்ப்ரஷன் நெம்பைத் தூக்கிப் பிடிச்சுச் சுத்தோணும். டுப்பு டுப்புன்னு எடுத்தா அக்கட்டாலத் தோட்டத்துக்காரனுக்கெல்லாம் வயிறு எரியும். கறுத்துப்போன ஆயிலையே வடிகட்டி வடிகட்டி ஊத்துவேன். அது சாகலை. அதனால எனக்குத் திமிரு. ஒரு நாள் குளிர வெக்கற பீப்பாயில தண்ணி ஊத்தாம ஓட உட்டுட்டுத் தாராவரத்துக்குச் சினிமாவுக்குப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா பிஸ்டன் சிலிண்டரைக் கட்டிப் பிடிச்சுட்டு உட மாட்டேங்குது. அந்த வருசம் மஞ்சக்காடு காஞ்சு, இவ வளையல் ரெண்டு அடகுக்குப் போச்சு. அம்பது வருசம் ஆகப் போகுது, இன்னும் அந்த வளையலைப் பத்தி மாசத்துக்கு ஒருக்கா பேச்சு வரும். அதனாலதான் சொல்றேன் சாமி, நீயும் கண்ணாலம் பண்ணப் போறவன்.

அந்தக் காலத்து இஞ்சின் கெழட்டு எருமை மாதிரி, எதைப் போட்டாலும் மென்னு முழுங்கும். 1897ல ருடால்ப் டீசல் ஜெர்மனியில ஆக்ஸ்பர்க்குல மொத மொதல்ல நல்லா ஓட்டிக் காட்டுனான். 1900ல பாரிஸ் கண்காட்சியில ஒரு டீசல் இஞ்சின் கடலெண்ணெய்லயே ஓடுச்சு. நெசமாத்தான், நம்ம கடலெண்ணெய்! இதை ஒரு தடவை நான் சொல்லப் போயி, உன்ற மாமன் செக்குல ஆட்டுன கடலெண்ணெய் ரெண்டு டின்னோட அவன் காருகிட்ட நிக்கறான். ஓடிப் போயிப் பிடுங்குனேன். உன்ற அத்தை அதை வெச்சுத்தான் அந்தத் தீவாளிக்கு முறுக்குச் சுட்டா. இப்பத்து இஞ்சினுக்கு அந்த வேலையெல்லாம் ஆகாது. உன்ற வண்டியில டீசல் அழுத்தம் 1600 பார் வரைக்கும் ஏறும். உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். நம்ம போர்க்குழி 1000 அடி. அது வாய் வரைக்கும் தண்ணி நின்னாலும், இப்ப எங்க நிக்குது, சரி பேச்சுக்குச் சொல்றேன், அடி மட்டத்துல 30 பார்தான் அழுத்தம். அதைப் போல அம்பது மடங்குக்கும் மேல அந்தச் சின்னக் குழாய்க்குள்ள. இன்ஜெக்டர் நுனியில இருக்கற ஓட்டை கண்ணுக்கே சரியாத் தெரியாது. அந்தப் பம்புக்குத் தனியா ஆயில் கிடையாது, டீசலேதான் அதுக்கு எண்ணெய். மண்ணெண்ணெய் கலந்த சரக்கை எவனாவது கேன்ல கொண்டாந்து கம்மி வெலைக்குக் குடுத்து நீ வாங்கி ஊத்துனீன்னா, பம்புக்கு வழவழப்பு இல்லாம உலோகத்தோட உலோகம் உரசி, அந்தத் தூளு போயி நாலு இன்ஜெக்டர்லயும் உக்காந்துக்கும். ஊத்தறப்ப மிச்சம் பண்ணுனதுக்கு நூறு மடங்கு பொறவு கணக்குப் பாக்கலாம்.

அதைச் சொன்னதும் எதுக்கு அந்தப்பக்கம் பாக்கறே? போன தடவை டிராக்டருக்கு வெச்சிருந்த பேரல்ல இருந்து 10 லிட்டர் பிடிச்சு ஊத்திட்டுப் போனே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா? காசு போனாப் போகுது. அது அடிப்பேரல் சரக்கு சாமி. மழைக்காலத்துல பேரல் உள்ளுக்குள்ளயே வேர்த்து, தண்ணி அடியில போயி நிக்கும். டிராக்டருக்குத் தண்ணி பிரிக்கற கிண்ணத்துல நான் வாரா வாரம் திறந்து உட்டுருவேன். உன்ற பில்டர் அடியிலயும் தண்ணி உட ஒரு திருகு இருக்குது. அது எங்க இருக்குதுன்னாவது தெரியுமா? மீட்டர்ல விளக்கு எரிஞ்சுச்சா? எரிஞ்சா அது நோம்பிக்குப் போட்ட சீரியல் செட் இல்லை, அதுக்கு ஒரு அர்த்தம் இருக்குது.

ஏர் பில்டரை நான் பேசவே வேண்டாம், நீயே கழட்டிப் பாரு, நம்ம செம்மண் காடு ஒரு வள்ளம் அதுக்குள்ள இருக்கும். மாத்திப்போடு, கம்ப்ரசர்ல ஊதி ஊதி ஓட்டை போட்டுக்காத. ரேடியேட்டருக்குப் போர்த்தண்ணி ஊத்தாத. நம்மூர் உப்புத்தண்ணி வெந்நி போடற ஹீட்டர்ல என்ன பண்ணுதுன்னு பொடக்காலியில போயிப் பாரு, அதையேதான் இஞ்சினுக்குள்ளயும் பண்ணும்.

இன்னொண்ணு, மைலேஜுக்காக நீ ஓட்டற ஓட்டு. 40ல போறப்பவே அஞ்சாவது கியர். வண்டி திக்குது திணறுது, நீ மீட்டர்ல லிட்டருக்கு எத்தனைன்னு பாத்துப் பூரிச்சுட்டு இருக்கறே. இந்த இஞ்சினுக்கு முழு இழுவை வாரதே 2000 சுத்துலதான். அதுக்குக் கீழ டர்போ தூங்குது. தூங்கறவன் தோள் மேல மூட்டையை ஏத்துனா? ஏத்தத்துல ஒரு கியர் கொறைச்சாக் கௌரவம் போயிராது. அதுலயும் நீ ஓட்டற 4 கிலோமீட்டர் ஓட்டம் இருக்குதே, வண்டி சூடாகறதுக்குள்ள ஆபீசு வந்துருது. புகையில ஒரு பங்கைத் திருப்பி உள்ளயே அனுப்பற ஈஜிஆர்னு ஒரு வால்வு இருக்குது, காத்தைக் கெடுக்காம இருக்க வெச்சது. ஆறுன இஞ்சின்ல தெனம் ஓட்டுனா கரியும் ஆயில் ஆவியும் கலந்து அதுல வாழைப்பழப் பதத்துல அப்பிக்கும். பிக்கப் போகும், கறுப்புப் புகை தள்ளும். பட்டறையில சிலபேரு அதை அடைச்சுப்போட்டாச் சரியாப்போகும்பாங்க. மூக்கு ஒழுகுதுன்னு மூக்கை அடைக்கற வைத்தியம். நீ அதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வராத. கழட்டிச் சுத்தம் பண்ணச் சொல்லு. மாசத்துக்கு ஒருக்காவாவது நல்லா நீட்டமா, 2500, 3000 சுத்துல ஒரு மணி நேரம் ஓட்டு. நெஞ்சுச்சளி கரைஞ்ச மாதிரி இருக்கும்.

வாங்குறப்பவே என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். "அப்புச்சிக்கு மாட்டைப் பத்தித்தான் தெரியும்"னு உங்கப்பன்கிட்டச் சொன்னயாமா. ஆமா, மாட்டைப் பத்தித்தான் தெரியும். கண்ணபுரம் தேர்ச்சந்தையில கெழட்டு எருதுக்கு உப்புத் தவிடு குடுத்துத் தண்ணி காட்டி, வயித்தை உப்ப வெச்சு எளங்காளைன்னு விக்கற தரகனை எனக்குத் தெரியும். நீ வண்டி பாக்கப் போனன்னிக்கு அந்த ஆளு முந்தியே ஸ்டார்ட் பண்ணிச் சூடா வெச்சிருந்தான்னு நீதான சொன்னே? "எனக்காக ரெடியா வெச்சிருந்தாரு, நல்ல மனுசன்"னே. செயின் குலுக்கறது காத்தால மொதல் ஸ்டார்ட்டுல மட்டும்தான்னு அந்த நல்ல மனுசனுக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியலை. மீட்டர் 48,000 காட்டுச்சு, கிளச்சு மிதிக்கற பெடல் ரப்பரு வழுக்கைத் தலையாட்டம் தேஞ்சிருந்துச்சு. மாட்டுக்குப் பல்லைப் பாப்போம், வண்டிக்குப் பெடலைப் பாக்கோணும். சரி, வாங்குனது வாங்கிட்டே. நீயும் அடுத்தவனுக்கு விக்கறப்ப சூடு பண்ணி வெச்சு வித்துராத, நம்ம ஊட்டுப் பேரு கெட்டுப்போகும்.

இப்ப ஸ்டார்ட் பண்ணாத! கோலு பாத்ததுக்குப் பொறவும் சாவியைத் தேடறயே! மொதல்ல என்ற மொபெட்டை எடுத்துட்டுப் போயி, கையேட்டுல போட்டிருக்கற நம்பர்ல ஆயிலு 1 லிட்டர் வாங்கிட்டு வா, கோலுல மேல்குறிக்குச் சித்தே கீழ வார வரைக்கும் கொஞ்சங் கொஞ்சமா ஊத்தலாம். பொறவு மெதுவா நம்ம பட்டறைக்கு உருட்டிட்டுப் போவோம். பட்டறைக்காரன் செயினைக் கழட்டிப் பாத்துச் சொல்லட்டும், கிட்டு போடோணும்னாப் போட்டுருவான், இல்லைன்னா ஆயிலும் பில்டரும் மாத்தி உடுவான். டர்போ போச்சா இல்லையான்னு பைப்பைக் கழட்டி அந்தத் தண்டை விரல்ல ஆட்டிப் பாத்தாத் தெரியுது, அதுக்கு எதுக்கு இப்பவே ஒப்பாரி?

எத்தனை நாளாகும்னா கேக்கறே? வேலை இருந்தா மூணு நாள் ஆகட்டும். நீ பஸ்ஸுல கோயமுத்தூர் போ. அடுத்த சனிக்கிழமை வந்தா வண்டி தயாரா இருக்கும். வந்ததும் நீட்டமா ஒரு ஓட்டம் ஓட்டோணும்னு சொன்னனில்ல, ஈஜிஆரு, சளி. உன்ற அம்மிச்சி தை மாசத்துல இருந்து பழனிக்குப் போகோணும், போகோணும்னு என்ற உசிரை எடுத்துட்டு இருக்கறா. போற வழி நல்ல ரோடு, 2500 சுத்துல அப்படியே பிடிச்சாப்பல போகலாம். இஞ்சினுக்கும் நல்லது. முன்னாடி சீட்டுல அம்மிச்சி, பின்னாடி நானும் உன்ற பெரியம்மாளும். டிக்கியில ஸ்பீக்கர் பெட்டி அடைச்சுட்டு நிக்குதே, அதைக் கழட்டித் திண்ணையில வெச்சுட்டுப் போ. வாழைத்தாரு ரெண்டு வெக்கோணும்.